சத்து மாத்திரையின் காலாவதித் தேதியும் நெல்லை வெயிலும்

சத்து மாத்திரை டப்பாவில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி என்பது, மூடி திறக்கப்படாமல், லேபிளில் சொன்ன முறைப்படி வைத்திருந்தால், குறிப்பிட்ட சத்து அதுவரை அதே அளவில் இருக்கும் என்று தயாரிப்பாளர் தரும் உறுதியாகும். டப்பாவைத் திறந்ததும் காற்றும் ஈரமும் உள்ளே புகுவதால், திறந்த தேதியை மூடியிலேயே பேனாவால் எழுதி வைப்பது நல்லது.

பலரும் படிக்காமல் விடுவது, '30 டிகிரிக்குக் கீழ், உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்ற வரியைத்தான். கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையின் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடிச் சாரலின்போது வெப்பத்தைவிட ஈரமே பெரிய பகை.

எல்லாச் சத்தும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. கால்சியம், இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்கள் சிதைவதில்லை, மாத்திரைதான் உதிரக்கூடும். வைட்டமின் சி ஈரம் பட்டால் விரைவில் ஆக்சிஜனேற்றம் அடையும். வெள்ளை மாத்திரையில் பழுப்புப் புள்ளிகள் தோன்றினால், தேதி மீதமிருந்தாலும் அதை விட்டுவிடலாம். மீன் எண்ணெய்க் குப்பியில் சந்தேகம் வந்தால் ஒரு மாத்திரையைக் கத்தரித்து முகர்ந்து பாருங்கள்: மீன் வாடை இயல்பு, சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. ப்ரோபயாடிக்கில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பதால், கோடையில் கூரியரில் வரவழைக்காமல் கடையில் வாங்குவதே என் விருப்பம்.

வைப்பதற்கு ஏற்ற இடம், கீழ்த்தளத்து உள்ளறை அலமாரியின் அடித்தட்டு. அடுப்படி, குளியலறை, பிரிட்ஜின் தலை ஆகியவை வேண்டாம். லேபிள் சொன்னாலொழிய பிரிட்ஜுக்குள்ளும் வைக்க வேண்டாம். வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த மாத்திரையின்மேல் ஈரம் படியும். டப்பாவுக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அப்படியே விட்டுவிட்டு, பஞ்சை மட்டும் எடுத்துவிடுங்கள், ஏனெனில் திறந்த பிறகு அது ஈரத்தை இழுத்துத் தேக்கும்.

தேதி கடந்த மாத்திரை பெரும்பாலும் நஞ்சாகிவிடுவதில்லை, வலுவிழக்கிறது. ஆயினும் கர்ப்பிணிகள் எடுக்கும் ஃபோலிக் அமிலம் போல அளவு குறையவே கூடாதவற்றில் பழையதை நம்பக் கூடாது. பாதி விலை என்று பெரிய டப்பா வாங்குமுன், தினம் ஒன்று வீதம் அது எந்த மாதத்தில் தீரும் என்று எண்ணிப் பார்த்து, தேதிக்குள் தீராதென்றால் சிறியதை வாங்குங்கள்.