சனிக்கிழமை எண்ணெய் குளியல், சும்மா ஈஸியா

வாரம் பூரா கம்ப்யூட்டர் பார்த்து கண்ணு எரியுதா, ஸ்பா எல்லாம் வேணாம், வீட்டுல நல்லெண்ணெய் இருந்தா போதும். சின்ன கரண்டியில 3 ஸ்பூன் எண்ணெய் ஊத்தி நாலு மிளகு, ஒரு சிட்டிகை சீரகம் போட்டு சிம்ல வச்சு சீரகம் பொரிஞ்சதும் இறக்கிடுங்க, புகை வர விட்டா கருகிடும். கை பொறுக்கற சூடு வந்ததும் உச்சந்தலையில வச்சு மெதுவா தேய்ச்சுட்டு அப்புறம் கழுத்து, தோள், முட்டி, உள்ளங்கால்னு இறங்கணும், உள்ளங்கால்ல ரெண்டு நிமிஷம் கூடுதலா தேய்ங்க, அதுலதான் சுகமே இருக்கு. அரைமணி நேரம் ஊறினா போதும், மணிக்கணக்குல ஊற வேணாம். அப்புறம் வெந்நீர், சீயக்காய். சீயக்காய வடிச்ச கஞ்சியில கரைச்சா முடி வறண்டு போகாது, கண்ணுல மட்டும் பட்டுச்சோ அவ்ளோதான்!

முக்கியமா ஒண்ணு, பாத்ரூம் டைல்ஸ்ல எண்ணெய் கால் வழுக்கும், ஒருதடவை நான் விழுந்து இடுப்ப பிடிச்சுட்டு ஒரு வாரம் நடந்தேன், ரிலாக்ஸ் ஆக போன ஆளு. பழைய துண்டு ஒண்ணு தரையில போட்டுக்கோங்க. காய்ச்சல், சளி இருந்தா அந்த வாரம் விட்டுடுங்க. குளிச்சதும் மிளகு ரசம் சாதம் சாப்பிடுங்க. மதிய தூக்கம் மட்டும் கூடாதுனு பாட்டி சொல்லுவாங்க, எனக்கு இன்னும் தூங்காம இருக்க முடியல.