ஏற்காட்டில் மேப்பிள் இலை கருகினால்
ஜப்பானிய மேப்பிள் இலையின் ஓரம் பழுப்பாகிச் சுருண்டால் தண்ணீரைக் கூட்டாதீர்கள். தொட்டியை வீட்டுக்குக் கிழக்கே, காலை 10 மணி வரை மட்டும் வெயில் படும் இடத்துக்கு நகர்த்தி, காய்ந்த சில்வர் ஓக் சருகை தொட்டி மண்மேல் 2 அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். காபித் தோட்டத்து ஓரமெல்லாம் சும்மா கிடக்கிற சருகுதான், காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும்.

மேப்பிளின் வேர் மேல்மண்ணிலேயே படரும், இலையோ மெல்லிசு. பங்குனி, சித்திரையில் பிற்பகல் வெயிலும் காற்றும் ஈரத்தை உறிஞ்சும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது.

விரலை விட்டுப் பார்த்தால் மண் சொதசொதவென்று இருக்கிறதா? அது வேரழுகல், மூடாக்கு இன்னும் கெடுக்கும். உப்பான போர் தண்ணீராலும் ஓரம் கருகும், அதற்கு மழைநீர்தான். கீழே சேலத்தில் இந்த வித்தை பலிக்காது: இலை உதிர்த்து ஓய்வெடுக்க இந்த மரத்துக்குக் குளிர் வேண்டும்.