ஊர்க் கலைவிழா நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளூர்க் கலைஞர்களையும் நாடக ஆசிரியர்களையும் மேடையேற்றுவதற்காகவே தொடங்கப்படும் விழாக்கள் பல, அவர்களுடைய மனக்குறையோடு முடிகின்றன. பணப் பற்றாக்குறையே காரணம் என்று அமைப்பாளர்கள் சொல்வது வழக்கம். ஆனால் பெரும்பாலான குறைகள் பணம் தேவைப்படாத இடங்களில்தான் நேர்கின்றன.

அவற்றுள் பெரியது, கலையின் இயல்பை அறியாமல் நிகழ்ச்சி நிரல் வகுப்பது. வட தமிழகத்துத் தெருக்கூத்து இரவில் தொடங்கி விடியும்வரை நடக்கும் கலை. கூத்தின் அறிவிப்பாளரும் கோமாளியுமான கட்டியங்காரன் கதையை எடுத்துக்கொடுக்க, வேடதாரி திரைக்குப் பின்னால் நின்று பாடித் தன்னை அறிவித்த பிறகே வெளிப்படுவார். அத்தகைய கூத்துக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு, முகம் எழுதவும் கட்டைகள் எனப்படும் மர அணிகலன்களைக் கட்டவும் ஆகும் நேரத்தையும் கணக்கில் கொள்ளாமல் அவசரப்படுத்துவது, ஊர்வலத்துக்கு ஆள் பிடிப்பதற்கு ஒப்பானது. முழு இரவையும் தர இயலாது என்பது உண்மைதான். ஒலி மாசு குறித்த 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம், அவ்வளவே. ஆகவே மாலையிலேயே கூத்தைத் தொடங்கி, ஏதேனும் ஒரு கட்டத்தையாவது முழுமையாக ஆடவிட வேண்டும். அது எந்தக் கட்டம் என்பதைக் கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரே முடிவு செய்யட்டும்.

நாடக ஆசிரியர்களைப் பொறுத்தவரை நடப்பது வேறு வகைத் தவறு. நுழைவுக் கட்டணம் இல்லாத நிகழ்ச்சியில் தொழில்முறை சாராத குழு ஒரு நாடகத்தை நடிப்பதற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு அளிப்பதால், அந்த நாடகத்தைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவதற்கும் அனுமதி தேவையில்லை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அவ்விலக்கு அந்த நடிப்போடு நின்றுவிடுகிறது. இன்னொரு புறம், ஆசிரியரிடம் உரிமையை எழுதி வாங்கும் தாளில் காலமும் இடமும் குறிப்பிடப்படாவிட்டால், உரிமை ஐந்தாண்டுகளுக்கு, இந்தியா முழுமைக்கும் தரப்பட்டதாகச் சட்டம் கொள்ளும். ஒரு மாலைப்பொழுதுக்கென்று நம்பிக் கையெழுத்திட்டவருக்கு இது தெரிந்திருப்பதில்லை. எத்தனை நிகழ்வுகள், எந்த ஊர், பதிவு உண்டா, தொகை எவ்வளவு என்று நான்கு வரிகள் எழுதினால் போதும்.

நாடகப் பிரதியைக் காவல் நிலையத்தில் காட்டி வரும்படி ஆசிரியரை அனுப்பும் பழக்கமும் சில இடங்களில் தொடர்கிறது. நாடகங்களைக் கட்டுப்படுத்த இயற்றப்பட்ட தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தின் (1954) முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டில் செல்லாதவை என்று அறிவித்துவிட்டது. இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி பெறுவது அமைப்பாளரின் வேலை. பிரதியைத் தாமாகவே கொண்டுபோய் நீட்டுவது வேண்டாத பணிவு.

விழா நடக்கும் தெருவின் மக்களை வெறும் பார்வையாளர்களாக வைத்துக்கொள்வதும் தவறே. சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழா, மீனவர் குடியிருப்புக்குள் கர்நாடக இசைக் கச்சேரியைக் கொண்டுசென்றதற்காகவே பேசப்பட்டது. ஆனால் அப்படியொரு விழா நடைபெற, நாள் குறிப்பதிலிருந்தே குடியிருப்போரின் இசைவு வேண்டும்.

மற்றவை சிறியவை போலத் தோன்றும்: பெண் கலைஞர்களுக்குத் தாழ்ப்பாளுள்ள உடைமாற்றும் அறை, இரவுச் சாப்பாடு, ஊர் திரும்ப வண்டி. சால்வை போர்த்தி அனுப்பிவிட்டுச் சன்மானத்தைப் பிறகு தருவதாகச் சொல்லாமல், வேடம் கலைப்பதற்கு முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும்.