பழைய கதவில் பெயிண்ட் சுரண்டுவது: எந்தச் சுரண்டி வாங்கலாம், எப்படித் தீட்டலாம்

காங்கேயம் பக்கம் இருக்கும் எங்கள் அப்பிச்சி வீடு பழைய தொட்டிக்கட்டு வீடு. கதவு, நிலவு (கதவைத் தாங்கும் நிலைச்சட்டம்), ஜன்னல் எல்லாவற்றிலும் பெயிண்டுக்கு மேல் பெயிண்டாகப் பூசி, மரத்தில் செதுக்கிய பூவேலைகூட அடைபட்டுப் போயிருந்தது. மெஷின் வைக்காமல் கைச்சுரண்டியாலேயே அவ்வளவையும் எடுத்து முடித்திருக்கிறோம். முதல்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதவைக் கழற்றுவது, கீல், கொண்டி, தாழ்ப்பாளை எடுத்து வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் போகவில்லை.

முதலில், ஏன் மெஷின் வேண்டாம்?

இந்தியாவில் வீட்டுக்கு அடிக்கும் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் அடித்த எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சாண்டிங் மெஷினில் தேய்த்தால் அது நுண்ணிய தூசியாகப் பறந்து வீடு முழுக்கப் படியும். ஈரப்படுத்திச் சுரண்டினால் செதிலாகக் கீழே விழும், அள்ளிவிடலாம். புளோ லாம்ப் வைத்துச் சுடுவது மெஷினை விட மோசம். அந்தச் சூட்டில் ஈயம் புகையாகி நேராக மூச்சில் போகும்.

அதனால் கீழே பாலிதீன் ஷீட் விரியுங்கள். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்ன ஸ்பிரேயரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு என்95 மாஸ்க் போடுங்கள், துணி மாஸ்க் போதாது. கண்ணாடியும் வேண்டும். குழந்தைகளும் மாசமாக இருக்கும் பெண்களும் வேலை நடக்கும் பக்கமே வர வேண்டாம். வேலை முடிந்ததும் விளக்குமாறு எடுக்காதீர்கள், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். வேலை செய்த துணிமணியைத் தனியாகத் துவையுங்கள்.

எங்கள் பக்கம் யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. சுரண்டிய செதிலைக் கட்டுத்தறிப் பக்கமோ குப்பைக்குழியிலோ கொட்டிவிடுகிறார்கள். மாடு பழைய பெயிண்டை நக்கும், தின்னவும் செய்யும். மாடுகளுக்கு ஈய விஷம் ஏறும் வழிகளில் பழைய பெயிண்டும் ஒன்று. செதிலை ஷீட்டோடு சுருட்டி, மூட்டையாகக் கட்டி, கால்நடை அண்டாத இடத்தில் வையுங்கள். ஆடி மாதத்தில் திறந்த திண்ணையில் இந்த வேலையை வைக்கவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஷீட்டையே தூக்கிக்கொண்டு போய்விடும்.

என்ன வாங்க வேண்டும்?

ஹார்டுவேர் கடையில் சுரண்டி என்று கேட்டால் பட்டி பிளேடைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதிலேயே இரண்டு வகை உண்டு. வளைந்து கொடுப்பது பட்டி பார்க்க, வளையாதது சுரண்ட. பிளேடின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக அழுத்தும்போதே வளைந்தால் அது நமக்கு வேண்டாம். பிளேடின் இரும்பு கைப்பிடிக்குள் முழு நீளத்துக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் சில நாளிலேயே கழன்று ஆடும். மரத்துக்கு 2 அங்குலம், சுவருக்கு 4 அங்குலம், இரண்டே போதும். பத்து அளவு கொண்ட செட் வாங்குவது வீண் செலவு.

அடுத்தது இழுவைச் சுரண்டி. பட்டி பிளேடைத் தள்ளிச் சுரண்டுகிறோம், இதை நம் பக்கம் இழுத்துச் சுரண்ட வேண்டும். கெட்டியாகப் பிடித்த எனாமலுக்கு இதுதான் சரியான கருவி. கார்பைடு பிளேடு போட்டது வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் சாதா இரும்பு பிளேடைவிடப் பல மடங்கு நேரம் கூர்மை நிற்கும். நான் பாகோ கம்பெனியுடையது வைத்திருக்கிறேன், அதில் எனக்குப் பரம திருப்தி. ஒரே கருவிக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இதற்குக் கொடுங்கள், மற்றதைப் பட்டறையில் தேற்றிக்கொள்ளலாம்.

கொங்கு நாட்டில் இருப்பதன் வசதி இங்கேதான். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் எந்த லேத் பட்டறையில் கேட்டாலும் தேய்ந்துபோன பவர் ஹேக்சா பிளேடு (இரும்பு அறுக்கும் மெஷினின் ரம்பம்) கிடைக்கும். ஹைஸ்பீடு ஸ்டீல் பிளேடாகப் பார்த்து வாங்குங்கள். ஜன்னல் சட்டத்தின் குழிவு, பூவேலையின் வளைவு, மூலை, இதற்கெல்லாம் கடைச் சுரண்டி உதவாது. வளைவின் வடிவத்தை அட்டையில் வெட்டி எடுத்து, அதே வடிவத்துக்குப் பிளேடின் முனையைச் சாணை பிடியுங்கள். ஹைஸ்பீடு ஸ்டீல் சாணைச் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் பதம் போகாது. சாதா கார்பன் ஸ்டீல் என்றால் நீலம் பூத்த இடத்தில் பதம் போய்விடும், அடிக்கடி தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். ஹேக்சா பிளேடு நெம்பினால் பட்டென்று உடையும். அதனால் சுரண்ட மட்டும்தான் அது. பிடிக்கும் இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

நான்காவது, மரத்தை நைஸாக்கும் சுரண்டுதகடு. கைப்பிடி எதுவும் இல்லாத நீள்சதுர இரும்புத் தகடு, சுமார் 0.8 மில்லிமீட்டர் தடிமன். பழைய நல்ல கைரம்பத்திலிருந்தும் வெட்டிக்கொள்ளலாம். இதைப் பெயிண்ட் மேல் வைக்கக் கூடாது, பெயிண்ட் போன பிறகுதான் இதன் வேலை.

சுரண்டும் முறை

புதுப் பிளேடின் இரண்டு மூலைகளையும் அரத்தால் ஒரு தடவு தடவி மழுக்குங்கள். மரத்தில் கோடு விழுவது பெரும்பாலும் மூலையால்தான். தண்ணீர் தெளித்துச் சற்றுப் பொறுத்து, முதலில் பட்டி பிளேடைத் தாழ்வாகச் சாய்த்து, உப்பிய, வெடித்த பெயிண்டை மட்டும் எடுங்கள். சும்மா வருவதெல்லாம் வந்த பிறகு இழுவைச் சுரண்டி. ஒரு கை பிடியில், இன்னொரு கை சுரண்டியின் தலையில். நார் ஓடும் திசையில், நீளமாக, ஒரே சீராக இழுங்கள். நாருக்கு எதிராக இழுத்தால் மரம் பிய்யும், வேப்பமரத்தில் இன்னும் அதிகமாகப் பிய்யும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாவிட்டால் இரண்டு பக்கமும் லேசாக இழுத்துப் பாருங்கள், எது வழுக்கிக்கொண்டு போகிறதோ அதுதான். ஒரே நாளில் வெறும் மரம் தெரிய வேண்டும் என்று நிற்காதீர்கள். ஒவ்வொரு பூச்சாக இறங்குங்கள்.

(பழைய கதவெல்லாம் தேக்கு என்றே சொல்வார்கள். ஆனைமலைத் தேக்குக்கு அப்படி ஒரு பெயர். மலை உச்சியிலிருந்து வெட்டிய மரங்களைச் சரித்து விட்ட இடம் என்பதால்தான் டாப்சிலிப் என்ற பெயரே வந்தது. ஆனால் சுரண்டிப் பார்த்தால் கதவு தேக்காகவும் நிலவு வேம்பாகவும் இருப்பது நிறைய உண்டு. மரத்துக்குத் தக்கபடி கைப்பக்குவத்தை மாற்ற வேண்டும்.)

தீட்டுவது

எங்களுக்கு உதவிய ஆசாரி முதல் நாளே சொன்னது: "அழுத்தாதீங்க தம்பி. கை வலிச்சா நிறுத்திட்டு தீட்டுங்க." புதிதாக வருகிற எல்லோரும் சுரண்டி ஓடவில்லை என்றால் இன்னும் அழுத்துகிறார்கள். அழுத்தினால் பிளேடு பெயிண்டை விட்டுவிட்டு மரத்துக்குள் இறங்கும். சாதா இரும்பு பிளேடு என்றால் கதவின் ஒரு பலகை முடிவதற்குள்ளேயே பலமுறை அரம் போட வேண்டியிருக்கும். அதை இடைஞ்சலாக நினைக்காதீர்கள், அதுவும் வேலைதான். அரத்தைப் பையில் வைக்காமல் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார்பைடுக்கு அரம் ஏறாது, வைரத்தூள் பூசிய கல்தான். பிளேடைத் திருப்பிப் போட்டுப் புது விளிம்பில் ஓட்டுவது அதைவிடச் சுலபம்.

சுரண்டுதகடு தீட்டுவது வேறு விஷயம். என்னை வெகுநாள் நிறுத்தி வைத்த இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இந்தத் தகடு வெட்டுவது அதன் விளிம்பில் எழுப்பும் பிசிறால். கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கி அது. அந்தக் கொக்கி சரியாக எழும்பவில்லை என்றால் எவ்வளவு தேய்த்தாலும் தூசிதான் வரும்.

தகடை வைஸில் நிமிர்த்திக் கட்டி, நைஸ் அரத்தால் விளிம்பை நீளவாக்கில் தட்டையாக ராவுங்கள். விளிம்பு முழுக்க ஒரே பளபளப்பு வர வேண்டும். எனக்கு ஜே.கே. கம்பெனி அரம் போதுமானதாக இருக்கிறது. பிறகு ஆயில் ஸ்டோனில் விளிம்பைத் தேயுங்கள், அடுத்து இரண்டு முகங்களையும் கல்லில் படுக்கவைத்துத் தேயுங்கள். விரலை முகத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓட்டினால் எதுவும் தட்டக் கூடாது. அரம் எழுப்பிய கரடான பிசிறு மிச்சமிருந்தால் அடுத்த படி பலிக்காது.

இனிமேல்தான் கம்பி வேலை. தகடைவிடக் கெட்டியான, வழவழப்பான கம்பி ஒன்று வேண்டும். பலர் ஸ்க்ரூடிரைவர் தண்டை வைத்துச் செய்யச் சொல்வார்கள். தண்டு நல்ல இரும்பாக இருந்தால் சரி, இல்லாவிட்டால் கம்பியில் கோடு விழும், தகடில் ஒன்றும் ஆகாது. இரண்டு மூன்று இழுப்பில் கம்பியில் கோடு விழுந்தால் உடனே அதை மாற்றுங்கள். சிஎன்சி பட்டறையில் உடைந்துபோன கார்பைடு எண்ட்மில்லின் (உலோகத்தைக் குடையும் வெட்டுக்கருவி) பின்பக்கத் தண்டைக் கேட்டு வாங்குங்கள். அதைவிடக் கெட்டியாக, வழவழப்பாக ஒன்று இந்த வேலைக்குக் கிடைப்பது அரிது. கீழே போட்டால் உடையும், உடைந்த முனை கையைக் கிழிக்கும், அதனால் அந்த முனைக்குத் துணி சுற்றுங்கள்.

தகடை மேஜை ஓரத்தில் படுக்கவைத்து, கம்பியையும் கிட்டத்தட்டப் படுத்தே பிடித்து, விளிம்பை ஒட்டி நாலைந்து முறை அழுத்தி இழுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு தகடை நிமிர்த்தி, விளிம்பின் மேல் ஒருமுறை மட்டமாக, அடுத்து இரண்டு மூன்று முறை 5 முதல் 10 டிகிரி சாய்த்து ஓட்டுங்கள். அவ்வளவுதான். அதிகம் சாய்த்தால் கொக்கி மடங்கிப் படுத்துவிடும், அப்புறம் தகடைத் தரையோடு தரையாகச் சாய்த்தால்தான் வெட்டும், விரல் மரத்தில் உரசும். ஒரு துளி எண்ணெய் தடவிக்கொண்டால் கம்பி சீராக ஓடும்.

சரியாக வந்ததா என்று மரமே சொல்லும். தகடை இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலால் நடுவை லேசாக வளைத்து, முன்னால் சாய்த்துத் தள்ளுங்கள். பூண்டுத் தோல் கனத்தில் சுருள் சுருளாக வந்தால் சரி. தூசி வந்தால் திரும்ப வைஸுக்குப் போங்கள். தகடு சூடேறிக் கட்டைவிரலைச் சுடும், விரலுக்குத் துணிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். இப்படி முடித்த பலகைக்கு உப்புத்தாள் அநேகமாகத் தேவைப்படாது. பெயிண்ட் பிடிக்க வேண்டுமென்றால் மட்டும் 120-ஆம் நம்பர் தாளில் ஒரு ஓட்டு, மாஸ்க்கோடு.

சேர்த்தது: படித்தவர்கள் கேட்டவை

திருப்பூரிலிருந்து ஒருவர், காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் சுரண்டவே வேண்டாமே என்று கேட்டிருந்தார். பெயிண்ட் கழன்றுவிடும், உண்மைதான். ஆனால் தேக்கு கறுத்துப் போகும். மரத்தில் காரம் மிச்சம் நின்றால் மேலே அடிக்கும் எண்ணெய்ப் பெயிண்ட் பிடிக்காமல் உரியும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இழுவைச் சுரண்டி தடதடவென்று குதித்து அலை அலையாகக் கோடு விழுகிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். பிளேடைச் சற்றுக் குறுக்காகத் திருப்பி, சாய்மானத்தை மாற்றி இழுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் பிளேடு மழுங்கிவிட்டது, அல்லது அதைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறது.

சுண்ணாம்புச் சுவருக்கும் இதே முறையா என்று ஈரோட்டிலிருந்து கேள்வி வந்தது. சுவரை நன்றாக நனைத்து, ஊறவிட்டு, 4 அங்குல பிளேடால் எடுங்கள். உதிரும் சுண்ணாம்பின் மேல் எமல்ஷன் அடித்தால் தோலாக உரிந்து வரும். எடுத்தது போதுமா என்று பார்க்க, காய்ந்த பிறகு செல்லோடேப்பை ஒட்டிப் பிடுங்குங்கள், வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் எடுக்க வேண்டும். ஆனால் உப்புப் பூத்த இடத்தை நனைக்காதீர்கள். உப்பு தண்ணீரில் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும், காய்ந்ததும் மறுபடி பூக்கும். அங்கே காய்ந்த பிரஷ்தான். ஐப்பசி, கார்த்திகை மழை வாங்கிய சுவரைப் பொங்கலுக்குள் முடித்துவிட அவசரப்படாமல் நன்றாகக் காயவிட்டு அடியுங்கள்.

இரும்புக் கிரில்லுக்குச் சுரண்டியும் கம்பி பிரஷும் போதும். செதிலாக நிற்கும் துருவைச் சுரண்டி, பிரஷ் போட்டு, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, அன்றே ரெட் ஆக்ஸைடு பிரைமர் அடித்துவிடுங்கள். மார்கழிப் பனியில் ஒரு ராத்திரி வெறுமையாக விட்டாலே மறுநாள் காலையில் மேலே துரு பிடித்திருக்கும்.