ஆண்களுக்கு வரும் இடுப்புத்தள வலி: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு வலி. உட்கார்ந்தால் கூடும், எழுந்து நடந்தால் கொஞ்சம் அடங்கும். சிறுநீர் போன பிறகும் மிச்சம் இருப்பது மாதிரியே இருக்கும். சென்னை ஓ.எம்.ஆர். ஐ.டி. ஆபீஸில் நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கும் வருகிறது, ஆட்டோ ஓட்டுபவருக்கும் வருகிறது. சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் தளராமல் இறுகியே கிடப்பது பலருக்கு இதில் பெரும்பங்கு வகிக்கிறது. வலித்தால் தசை இறுகும். இறுகினால் வலி கூடும்.

இதற்கு யூடியூபைப் பார்த்துக் கெகல் பயிற்சி, அதாவது இந்தத் தசைகளை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி, தொடங்குவதுதான் நான் அதிகம் கேள்விப்படும் தவறு. அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கெகல் 1948இல் அதை எழுதியது, பிரசவத்துக்குப் பின் தளர்ந்துபோன தசைகளை மனதில் வைத்து. நாள் முழுக்கக் கையை முஷ்டி பிடித்து வலியோடு இருப்பவனிடம் இன்னும் நன்றாகப் பிடி என்றால் எப்படி? இங்கே தேவை அதற்கு நேர் எதிர். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். வயிற்றில் கை வையுங்கள். மூக்கால் மெதுவாக இழுக்கும் மூச்சில் கை மேலே எழ வேண்டும். அந்த நேரத்தில் சிறுநீர் கழிக்கத் தொடங்குவதுபோல கீழ்ப்பகுதியைத் தளர விடுங்கள். முக்கக் கூடாது. மூச்சை விடும்போது மறுபடி இறுக்கவும் கூடாது. தினம் பத்து நிமிடம் போதும். ஆனால் பலன் தெரிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். நான்கு நாளில் விட்டுவிட்டு 'வேலைக்கு ஆகலை' என்பதும் தவறுதான்.

அடுத்தது ஆன்டிபயாடிக். 'புராஸ்டேட் வீக்கம்' (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு உள்ள சுரப்பி) என்று ஒரு கோர்ஸ் முடித்து, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் இன்னொரு கோர்ஸ் வாங்குகிறார்கள். நாள்பட்ட வலியோடு வரும் ஆண்களில் பெரும்பாலானோருக்குப் பரிசோதனையில் கிருமியே தென்படுவதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் மாத்திரைகள் தசைநாண்களைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2008இலேயே கடும் எச்சரிக்கை போட்டது. யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்காமல் அடுத்த கோர்ஸுக்குப் போகாதீர்கள்.

லாட்ஜில் ரூம் போட்டு 'நரம்புத் தளர்ச்சி, கைப்பழக்கம்' என்று பயமுறுத்தும் வைத்தியர்களிடம் போகவே வேண்டாம். பயம் அந்தத் தசையை இன்னும் இறுக்கும், பணமும் போகும். சூடு என்று இளநீர் குடிப்பதில் தப்பில்லை. அதை நம்பி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் தப்பு.

அப்புறம் சில்லறைத் தவறுகள்: மலச்சிக்கலோடு முக்குவது (வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கு ஒரு சின்ன ஸ்டூல் உதவும்), வராதபோதும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று சிறுநீர் கழிக்கப் போவது, வழியில் கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது.

முதலில் யூராலஜி (சிறுநீர்ப்பாதை நோய்கள்) டாக்டர். சென்னை சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையிலும் யூராலஜி பிரிவு உண்டு. வேறு நோய் இல்லை என்று தெரிந்த பிறகு பிசியோதெரபி. எல்லா பிசியோதெரபிஸ்ட்டும் இதைப் பார்ப்பதில்லை. ஆண்களுக்கு இடுப்புத்தள சிகிச்சை தருவீர்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். கையுறை போட்ட விரலால் ஆசனவாய் வழியாகத் தசையைத் தொட்டுப் பார்ப்பார்கள். கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் எந்தத் தசை இறுகியிருக்கிறது என்பது அப்படித்தான் சரியாகத் தெரியும்.

காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைப்பு, உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், விதையில் திடீர்க் கடும் வலி, இதில் எது வந்தாலும் மூச்சுப் பயிற்சியெல்லாம் அப்புறம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. விதை வலிக்கு விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.