புதிய பயோடெக் பிளான்ட்டில் வேலைக்குத் தயாராவது

ஹைதராபாத்தின் பயோடெக் தொழில் வட்டாரமான ஜீனோம் வேலி போன்ற இடங்களில் தடுப்பூசி நிறுவனம் புது பிளாக் கட்டினால், திறப்பு விழா வரை காத்திருக்காதீர்கள். இயந்திரங்களையும் ஏசி அமைப்பையும் சோதித்துச் சான்றளிக்கும் கட்டத்திலேயே உற்பத்தி, தரப் பிரிவு ஆட்களை எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். பயிற்சிக்கே மாதங்கள் பிடிக்கும்.

பயோடேட்டாவில் 'பயோரியாக்டர் (செல்களை வளர்க்கும் கலன்) அனுபவம்' என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. எத்தனை லிட்டர், எந்த வகை செல், நீங்கள் கையாண்ட உற்பத்திப் படி எது என்று எழுதுங்கள்.

பலர் தடுக்கி விழுவது, தூசியும் கிருமியும் கட்டுப்படுத்தப்பட்ட அறையான க்ளீன்ரூமுக்கு உரிய உடையைச் சரியாக அணிந்து காட்டும் பரீட்சையில்தான். கையில் கிருமிநாசினி, முதல் கையுறை, தலைமூடி, மாஸ்க், முழு உடை, பூட்ஸ், கண்ணாடி, கடைசியாக இரண்டாவது கையுறை. பொதுவான வரிசை இது. முழு உடையின் கால் பகுதியைச் சுருட்டிப் பிடித்தே காலை உள்ளே விடுங்கள். நுனி தரையைத் தொட்டால் அந்த உடை கழிவு. கையுறையின் விளிம்பு சட்டைக்கையின் மேல் ஏற வேண்டும். இடைவெளி விட்டால் உதிரும் தோல்துகளோடு கிருமியும் வெளியேறும். பிறகு கையுறை விரல் நுனிகளை அகார் தட்டில் (கிருமி வளர்க்கும் ஊடகத் தட்டு) அழுத்தி, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். ஐரோப்பிய விதிப்படி பி கிரேடில் (க்ளீன்ரூம் சுத்தத் தரங்களில் ஒன்று) 5 காலனிக்கு, அதாவது 5 கிருமித் திட்டுகளுக்கு மேல் கூடாது. இந்தப் பரீட்சையில் மூன்று முறை தொடர்ந்து தேறச் சொல்வது வழக்கம். அவசரமாக உடுத்துவதே பெரும்பாலான தோல்விக்குக் காரணம்.

உற்பத்திப் பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் ஒயிட்னர் வேண்டாம், மேலெழுதவும் வேண்டாம். ஒற்றைக் கோடு, சரியான எண், காரணம், கையொப்பம், தேதி. நேர்காணலில் இதை அநேகமாகக் கேட்பார்கள்.