தரவுக் கோப்பைத் திறக்காமல் கட்டுரையில் உங்கள் பெயர் போடாதீர்கள்

படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலேயே போடச் சொன்னால் மக்கள் உண்மையை எழுதுவார்கள். 2012இல் பிஎன்ஏஎஸ் ஆய்விதழில் ஐந்து பேர் சேர்ந்து எழுதிய உளவியல் கட்டுரை இப்படிச் சொன்னது. கார் காப்பீடு எடுத்தவர்கள் தங்கள் வண்டி எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்த எண்கள்தான் அதன் பெரிய சான்று.

2021 ஆகஸ்டில் ஆய்வுத் தரவுகளைச் சரிபார்க்கும் டேட்டா கொலாடா வலைத்தளத்தை நடத்தும் மூன்று ஆய்வாளர்கள் அந்த எண்கள் இருந்த எக்செல் கோப்பில் இருப்பதைக் காட்டினார்கள். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு முறை வாங்கிய மைல் எண்களைக் கழித்து, பலரும் ஓட்டிய தூரத்தை வரைபடமாகப் போட்டால் ஓரிடத்தில் மேடாகி, பிறகு சரிய வேண்டும். இங்கே 0 முதல் 50,000 மைல் வரை பலகை மாதிரி தட்டை. அதைத் தாண்டி ஒரு வண்டிகூட ஓடவில்லை! கையால் எழுதிக் கொடுக்கும் எண்கள் பல 000, 500 என்று முடியும். இரண்டாம் முறை வாங்கிய எண்களில் அந்தப் பழக்கத்தின் சுவடே இல்லை. முதல் முறை வாங்கியவற்றில் பாதி காலிப்ரி எழுத்துரு, பாதி கேம்ப்ரியா; இரண்டு வேறு இடங்களிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது போல.

தரவைக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வாங்கி வந்தவர் அந்த ஐந்து ஆசிரியர்களில் ஒருவரான டான் ஏரியலி. தான் எதையும் மாற்றவில்லை என்றார். சரி, யார் மாற்றினார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு வரைபடம் போட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். என் கணக்கில் முதல் தவறு இதுதான்: கூட்டாளி பெரிய ஆள் என்பதால் மூலத் தரவைப் பார்க்காமல் விடுவது. நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் டீடெரிக் ஸ்டாப்பல் தயாராக நீட்டிய தரவை அவருடைய முனைவர் பட்ட மாணவர்களும் அப்படித்தான் வாங்கிக்கொண்டார்கள். அவை அவரே இட்டுக்கட்டியவை என்று 2011இல் தெரிந்தது. 50க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவரைப் பற்றிப் புகார் செய்தவர்களும் இளம் ஆய்வாளர்கள்தான் என்பதை மறக்கக் கூடாது.

அப்புறம், இப்படிப்பட்ட பெயர்களைக் கேட்டதும் ‘நாம் மோசடிக்காரர் இல்லையே’ என்று நிம்மதியடைவது இன்னொரு தவறு. நேர்மையானவர்களும் செய்வது ஒன்று உண்டு. முடிவு சரியாக வரவில்லையா? இன்னும் பத்துப் பேரைச் சேர். அதுவும் போதாவிட்டால் வயதையோ பாலினத்தையோ கணக்கில் கொண்டு வா, ஒரு குழுவைக் கழற்றிவிடு. 2011இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் இத்தகைய நான்கு சலுகைகளைச் சேர்த்துக் கணித்தார்கள். 5 சதவீதம் என்று நாம் நம்பும் பொய்யான கண்டுபிடிப்பு வாய்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டியது. இதே வழியில், ஒரு பாட்டைக் கேட்டவர்களுக்கு வயது ஒன்றரை ஆண்டு குறைந்தது என்றும் ‘நிரூபித்து’ வைத்தார்கள். இந்த மூவர்தான் பிறகு டேட்டா கொலாடாவைத் தொடங்கியவர்கள். எத்தனை பேரைச் சோதிப்பது, யாரை விலக்குவது என்பதைத் தரவு சேகரிக்கும் முன்பே தேதியோடு எழுதிப் பொதுவில் பதிந்து வைத்தால் இந்தச் சபலம் பெருமளவு அடங்கும். முடிவைப் பார்த்த பிறகு கருதுகோளைத் திருத்தி, முதலிலிருந்தே அதைத்தான் எதிர்பார்த்ததாக எழுதுவதும் அப்போது கடினமாகிவிடும்.

தோற்ற சோதனையை இழுப்பறையில் போட்டுப் பூட்டுவதும் பழைய வியாதி. இதில் ஆய்விதழ்களுக்கும் பங்குண்டு. எதிர்காலத்தை முன்கூட்டி உணர முடியும் என்று டாரில் பெம் எழுதிய கட்டுரையை 2011இல் வெளியிட்ட ஆய்விதழ், அதைத் திரும்பச் செய்து பார்த்துத் தோற்றவர்களின் கட்டுரையை ஏற்கவில்லை. ஏற்கெனவே செய்த சோதனையை மறுபடி செய்வதையெல்லாம் வெளியிடுவதில்லையாம்.

கையெழுத்துக் கட்டுரையின் ஆசிரியர்கள் இந்த ஒரு விஷயத்தில் சரியாக நடந்துகொண்டார்கள். 2020இல் தாங்களே மறுசோதனை செய்து, பலன் ஒன்றும் இல்லை என்று அதே ஆய்விதழில் எழுதினார்கள். கூடவே 2012இன் மூலத் தரவையும் பொதுவில் வைத்தார்கள். எழுத்துரு வித்தியாசம் வெளியே தெரிந்தது அந்தக் கோப்பை யாரோ திறந்து பார்த்ததால்தான்.